மறு: ‘ஸ்டாக்கிங்’ என்பதற்குக் கலைச்சொல்

அன்பு நண்பர்களுக்கு,

விளையாட்டுச் சமூகவியலில் வரும் ‘ஸ்டாக்கிங்’ (stacking) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடிவருகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘இன அடுக்கம்’ என்று சொல்லிவிடலாமே. ஸ்டாக் என்றால் அடுக்குதானே?

ஐயா, அடுக்கு என்றதும் பாத்திர அடுக்கும் அடுக்குமாடியும்தான் கண்முன் வருகின்றன. விளையாட்டுச் சமூகவியலில் இச்சொல் குறிப்பது வேறு. கறுப்பின ஆட்டக்காரரை அணியில் சேர்ப்பார்கள். ஆனால் ஓடவும் பாயவும் வேண்டிய இடங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆட்டத்தை நடத்தும் இடம் வெள்ளையருக்கு. அமெரிக்கக் கால்பந்தில் அது குவாட்டர்பேக் இடம். கறுப்பினத்தவரான வாரன் மூன், 1978இல் தம் பல்கலைக்கழக அணிக்கு ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரிப் போட்டியில் வெற்றியைத் தேடித் தந்த குவாட்டர்பேக். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். புது ஆட்டக்காரரை எடுக்கும் அந்த ஆண்டு ஆள்தேர்வில், ஒரு அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணியோடு ஐந்து முறை அந்நாட்டுக் கால்பந்தின் கிரே கோப்பையை வென்ற பிறகுதான், 1984இல், சொந்த நாட்டில் அவருக்கு அந்த இடம் கிடைத்தது.

> ‘இனவழி இட ஒதுக்கீடு’ பொருத்தமாக இருக்கும்.

இது மட்டும் வேண்டவே வேண்டாம், அம்மா. இட ஒதுக்கீடு என்பது, காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு நம் நாட்டில் கதவைத் திறந்துவிட்ட சொல். கதவைச் சாத்துகிறவர்களின் செயலுக்கு அதே பெயரைச் சூட்டினால், படிக்கிற மாணவர் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுவார். அந்தப் பழி நம்மைச் சேரும்.

நான் முன்வைப்பது: நிறத்தளை. ‘கலர் பார்’ என்பதை நிறத்தடை என்கிறோம். தடை வாசலில் மறிக்கும். தளை உள்ளே விட்டபின் காலில் விழும். கிரிக்கெட்டைப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகள் 1928இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியபோதே அணியில் கறுப்பினத்தவரான லியரி கான்ஸ்டன்டைன் இருந்தார். தடை இல்லை. ஆனால் தலைமை வெள்ளையர் கையில். ஜார்ஜ் ஹெட்லி போன்ற மாபெரும் கறுப்பின மட்டையாளருக்கே 1948இல் பிரிட்ஜ்டவுனில் ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் அது கிடைத்தது. முழுத் தொடருக்கும் ஒரு கறுப்பினத் தலைவர், ஃபிராங்க் வொரெல், வருவதற்கு 1960 ஆகிவிட்டது. தளை என்றால் இதுதான்.

> அப்படியானால் பல்வங்கர் பாலூவை எதில் சேர்ப்பீர்கள்?

நல்ல கேள்வி, இரண்டு நாளாக என்னை உறங்கவிடாத கேள்வியும்கூட. பாலூ காலனிக் காலத்துக் கிரிக்கெட் பந்துவீச்சாளர். புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் வலைப்பயிற்சிக்கு மணிக்கணக்காகப் பந்து வீசியவர் அவர்; மட்டையை அவர் கையில் கொடுக்கமாட்டார்கள். பிறகு, அணிகள் மதவாரியாக இருந்த அந்நாளில், இந்து அணிக்குள் வந்தார். அங்கே தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, தலித் என்பதால் பாலூவுக்கு வெளியே மண் குவளை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்துத் திரும்பியவருக்கு, இந்து அணியின் தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. காலனி ஆட்சி போட்ட முடிச்சும் நம் ஊர் போட்ட முடிச்சும் ஒரே காலில்.

எனவே திருத்திக்கொள்கிறேன். வேர்ச்சொல் ‘இடத்தளை’ என்றிருக்கட்டும். அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் நிறத்தளை, பாலூவுக்குச் சாதித்தளை. வினையாக்கவும் எளிது: தளையிட்டனர், தளையுண்டவர்.

குவாட்டர்பேக்குக்குத் தமிழ் கேட்டிருந்தவருக்குத் தனி மடலில் எழுதுகிறேன். ‘இடத்தளை’யில் குறை கண்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.