மறுமொழி: தற்போக்கு அலைவியா, தளம்பு அலைவியா?

> 'புறவிசைக்கு உட்பட்ட சமவாய்ப்பு அலையியற்றியில் ஆற்றல் பாயம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். ஓர் இயற்பியல் கட்டுரையின் தலைப்பைத் தமிழாக்க நீங்கள் கேட்டது இது: சமவாய்ப்பு (random), அலையியற்றி (oscillator), பாயம் (flux).

'புறவிசை' சரி. மற்ற மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

அலையியற்றி பாடநூல் சொல்தான். ஆனால் மின்னணுச் சுற்றுதான் அலையை உண்டாக்கித் தருகிறது. சுருள்வில்லில் தொங்கும் எடை எதையும் இயற்றுவதில்லை, அதுவே அலைகிறது. 'அலைவு' இருக்கும்போது 'அலைவி' போதுமே.

'சமவாய்ப்பு மாறி' (random variable) வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். ஆனால் இங்கே அலைவியை ஆட்டும் ஒழுங்கற்ற குலுக்கல்கள் பெரும்பாலும் இயல்நிலைப் பரவலில் அமைபவை: சிறியவை அடிக்கடி, பெரியவை அரிதாக. இதில் 'சம' எங்கே வந்தது? ஈழத்து 'எழுமாற்று' இதைவிட மேல். நான் 'தற்போக்கு' என்பேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், தற்போக்காக இருப்பது எது என்பது. பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்செவின் 1908இல் எழுதிய சமன்பாட்டில் தற்போக்கு விசை வெளியிலிருந்து வந்து மோதுகிறது. அந்த விசை வெள்ளை இரைச்சல் (ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் தொடர்பே இல்லாத குலுக்கல்) என்றால், அலைவி ஓடினாலும் நின்றாலும் அது தரும் சராசரித் திறன் ஒன்றேதான். இன்னொரு வகையில் வில்லின் விறைப்பே (அதை நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற அளவு) தற்போக்காக ஏறி இறங்குகிறது. அப்போது ஆற்றல் வரவு இடப்பெயர்ச்சியின் இருமடிக்கு ஏற்ப அமையும். நடுவில் அசையாமல் நிற்கும் அலைவிக்கு ஒன்றும் கிடைக்காது. இருப்பவனுக்குத்தான் மேலும் சேரும். ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கும், மேலே நிற்பவர் உட்கார்ந்து எழுந்து உந்துவதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் படிப்பவர் குழம்புவார். முன்னது 'தற்போக்கு விசை அலைவி', பின்னது 'தளம்பு அலைவி'; கட்டுரை பேசுவது இதைத்தான். ('ஏற்ற இறக்க அலைவி' என்றால் எனக்கு லிஃப்ட்தான் நினைவுக்கு வருகிறது.)

இனி 'பாயம்'. காந்தப்பாயம் ஒரு பரப்பின் வழியே செல்வது. இங்கே பரப்பு ஏதும் இல்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்குதான். 'ஆற்றல் வரவு', 'ஆற்றல் செலவு' என்று நம் சொல்லிலேயே வைக்கலாம், மொத்தமாகச் சொல்ல 'ஆற்றல் ஓட்டம்'. வரவையும் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். விறைப்பின் தளம்பல் வெள்ளை இரைச்சலாக இருந்தால், சராசரி இடப்பெயர்ச்சியும் சராசரித் திசைவேகமும் தளம்பலே இல்லாததுபோல நடந்துகொள்ளும். ஆகவே புறவிசை செய்யும் சராசரி வேலை துளியும் மாறாது. ஆனால் உராய்வில் வெப்பமாகப் போகும் ஆற்றல் கூடுகிறது! அந்த உபரி முழுவதையும் கொடுப்பது வில்லைத் தளம்ப வைக்கும் மூலம்தான். தளம்பல் ஓர் அளவைத் தாண்டினால் உராய்வால் ஈடுகொடுக்க முடியாது. சராசரி ஆற்றல் அடுக்குக்குறியாக ஏறிக்கொண்டே போகும். எனவே 'விசை வரவு', 'தளம்பல் வரவு' என இரண்டு சொற்கள் வேண்டும். 'ஆற்றல் பாயம்' என்று மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரையின் சாரமே மறைந்துவிடும்.

ஆக என் முன்மொழிவு: 'புறவிசைக்கு உட்பட்ட தளம்பு அலைவியில் ஆற்றல் ஓட்டம்'.

அப்புறம், 'விறைப்பு' என்று நானாகப் போட்டதைக் கவனித்திருப்பீர்கள். பாடநூலில் அது 'சுருள்வில் மாறிலி'. அப்படியே எடுத்தால் 'மாறிலி தற்போக்காக மாறுகிறது' என்று எழுத நேரும். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.