புது டவுன் பஸ் நேரத்தை ஊருக்குச் சொல்வது எப்படி?

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர் வழியாக திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் புதிதாக ஒரு டவுன் பஸ் விட்டிருக்கிறார்கள். கொடியசைத்த படம் வாட்ஸ்அப்பில் வந்தது. எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் எதிலும் இல்லை. நிறுத்தத்தில் நேரப் பலகையும் கிடையாது. கண்டக்டர் அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போகிற அக்காமார் இன்னமும் மெயின் ரோடு வரை வெயிலில் நடக்கிறார்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. இருந்தும் இந்த பஸ் பாதி காலியாகவே போகிறது. 'கூட்டம் இல்லை' என்று நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் பயம். தகவலே சொல்லாமல் கூட்டம் எங்கிருந்து வரும்?

உங்கள் ஊரில் புது பஸ்ஸோ மினி பஸ்ஸோ வந்தபோது எப்படித் தெரியப்படுத்தினீர்கள்? ரேஷன் கடை, டீக்கடை, பள்ளிக்கூட வாசலில் நாங்களே நேரத்தை எழுதி ஒட்டலாமா, இல்லை டிப்போவில் கேட்க வேண்டுமா? கோயில் கொடைத் திருவிழா மைக்செட்டில் சொல்லலாம் என்கிறார் சித்தப்பா. சரிதான், ஆனால் கொடைக்கு இன்னும் மாசக்கணக்கில் கிடக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து நேரப் பலகை வாங்கியவர்கள் இருந்தால், அந்த மனுவின் நகலை இங்கே போடுங்கள், புண்ணியமாப் போகும்.