எந்தச் செடியில் பார்த்தீர்கள்?

திருவரங்கத்திலிருந்து

எங்கள் மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு வரை அதில் புழுவைக் கண்டால் தட்டிவிட்டு மிதித்துவிடுவேன். குட்டியாக இருக்கும்போது அது புழு என்றே தெரியாது. கருப்பும் வெள்ளையுமாக, இலை மேல் குருவி எச்சம் காய்ந்து கிடப்பது போல இருக்கும்.

ஒரு ஆடி மாதம் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் செடி பாதி மொட்டை. மிச்சமிருந்த இலைகளில் பச்சைப் பசேலென்று நான்கு தடித்த புழுக்கள். குச்சியால் ஒன்றை லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்த ஒன்று நீண்டது. கூடவே அழுகிய நாரத்தங்காய் வாடை. நான் கையை இழுத்ததும் அதுவும் மெதுவாக உள்ளே போய்விட்டது. ஒரு விரல் அளவு கூட இல்லாத உயிர் என்னை எதிர்த்து நின்றதைப் பார்த்த பிறகு அதைக் கொல்ல மனசு வரவில்லை. கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சில நாளில் அவை கூட்டுப்புழு ஆயின. பனை ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டிச் சாய்ந்து நிற்பாரே, அப்படியே ஒற்றை நூலை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்டில் சாய்ந்திருந்தன. இலைக்காம்பில் இருந்தது பச்சை. பக்கத்தில் கிடந்த மரச்சட்டத்துக்குப் போனது பழுப்பு. ஒரே செடியில் வளர்ந்த புழுக்கள், இடத்துக்கு ஏற்ற நிறம்.

முதலில் வந்தது கருப்பு இறக்கை, பின்னிறக்கையில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் வந்தது வேறு மாதிரி. கருப்பில் சிவப்புப் பிறைகள், முன்னிறக்கையில் வெளுத்த கோடுகள். கண்ணைப் பறித்தது. மேலிருந்து இறக்கை விரித்தபடி ஒரு படம் எடுத்து, இது சிவப்புடல் அழகி, ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ் என்பார்கள், என்று நண்பர்கள் குழுவில் உறுதியாக எழுதிவிட்டேன்.

குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் திருத்தவில்லை. இரண்டே கேள்வி கேட்டார். "உடம்பு என்ன நிறம் அம்மா? எந்தச் செடியில் பார்த்தீர்கள்?"

உடம்பு கருப்பு. செடி கறிவேப்பிலை. எழுதி அனுப்பும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சிவப்புடல் அழகி என்ற பெயரிலேயே விடை இருக்கிறது, அதற்கு உடலும் தலையும் சிவப்பு. அதன் புழு தின்பது ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும். கறிவேப்பிலையில் அது முட்டையிடாது. என் வாளியில் வளர்ந்தது கறிவேப்பிலை அழகி, காமன் மோர்மன் என்பது. அதில் பெண் மூன்று உருவத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று ரோஜா அழகியைப் போல. ஒன்று சிவப்புடல் அழகியைப் போல. அந்த இரண்டு அழகிகளும் புழுவாக இருக்கும்போது தின்ற இலையின் நஞ்சை உடம்பில் வைத்திருக்கும், ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி தொடாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்ததற்கு அந்த நஞ்சு கிடையாது. உடுப்பு மட்டும்தான் இரவல்.

முதல் நாள் வந்த கருப்பு வெள்ளையும் மறுநாள் வந்த சிவப்பும் ஒரே இனம் என்பதை அன்று என்னால் நம்பவே முடியவில்லை. இரண்டும் ஒரே வாளியில் இருந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்க்காமல் யாராவது சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

மூன்றாவது கூட்டில் இருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. நிறம் மங்கிக் கருத்தது. ஒரு காலையில் பக்கவாட்டில் சின்னத் துளை, சுற்றிலும் கடுகை விடச் சின்னக் குளவிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் தாய் கூட்டுப்புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டிருக்கிறது. அன்று முழுக்க மனசு சரியில்லை. ஆனால் அந்தப் படத்தையும் எடுத்து வைத்தேன், அதுவும் அந்தச் செடியின் கதைதான். நான்காவதைக் காணவே இல்லை.

அன்றிலிருந்து யார் படம் அனுப்பினாலும் நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். நிறையப் பேர் பூச்சியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அனுப்புகிறார்கள். அழகாக இருக்கும், பெயர் சொல்ல உதவாது. வெட்டாத படத்தை அனுப்புங்கள். இறக்கை மூடியிருக்கும்போது அடிப்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் உடம்பும் உணர்கொம்பும் தெரிய ஒரு படம், அப்புறம் செடி. புழு என்றால் செடிதான் முதலில். கையில் இருக்கும் செயலி சட்டென்று ஒரு பெயர் காட்டும். அதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்தப் பூச்சி இந்தச் செடியைத் தின்னுமா என்று பாருங்கள்.

செடியின் பெயர் தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். என் மாமியாருக்கு ஒரு வண்ணத்துப்பூச்சியின் பெயரும் தெரியாது. ஆடுதின்னாப்பாளை எந்த வரப்பில் இருக்கும் என்று அவருக்குத்தான் தெரிந்தது. பூச்சிக்குப் பெயர் கண்டுபிடிப்பதில் பாதி வேலையை அவர் முடித்துவிடுவார்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.


விருத்தாசலம் பக்கம்

அக்கா, நான் எள் போடுகிறவன். நீங்கள் சொல்கிற புழுவை விட மூன்று மடங்கு பெரியது எங்கள் காட்டில் உண்டு. என் நடுவிரல் தடிமன். பச்சை உடம்பில் சாய்வாகக் கோடுகள். வால் பக்கம் ஒரு கொம்பு, வழுவழுப்பாக இருக்காது, சொரசொரவென்று வளைந்து நிற்கும். சின்ன வயசில் அந்தக் கொம்பு கொட்டும் என்று பயந்திருக்கிறோம். கொட்டாது. தொட்டால் வாயால் டிக் டிக் என்று ஒரு சத்தம் கொடுக்கும், அவ்வளவுதான்.

நாலைந்து புழு இருந்தால் நான் மருந்து அடிப்பதில்லை. கையால் எடுத்து வரப்பில் தானாக முளைத்த எள்ளில் விட்டுவிடுவேன். அறுப்பு முடிந்து உழும்போது கட்டியோடு சேர்ந்து பளபளவென்று பழுப்புக் கூட்டுப்புழு மேலே வரும். அது எந்தப் பூச்சி என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. போன வருடம் ஒன்றை மண்ணோடு டப்பாவில் போட்டு வைத்தேன். வந்ததைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். முதுகில் மண்டையோடு வரைந்த மாதிரி இருக்கும் அந்தப் பெரிய அந்துப்பூச்சி! கையில் எடுத்தால் கீச்சென்று கத்தியது. தேனீக் கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கிறது என்று அப்புறம் படித்தேன்.

என் அப்பத்தா அது வீட்டுக்குள் வந்தால் சாவு விழும் என்று விளக்கை அணைக்கச் சொல்வார். எங்கள் எள்ளைத் தின்று வளர்ந்து, எங்கள் மண்ணில் தூங்கி, எங்கள் விளக்குக்கு வந்தது அது. அப்பத்தா இருந்திருந்தால் அந்த டப்பாவைக் காட்டியிருப்பேன்.


கோயம்புத்தூர்

எங்கள் குடியிருப்பு வாசலில் நந்தியாவட்டை. காவலுக்கு இருக்கும் அண்ணன் ஒரு நாள் கம்போடு ஓடினார். "பாம்புக்குட்டிம்மா, கிட்ட வராதீங்க" என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பச்சை உடம்பு, முன்பக்கத்தில் இரண்டு பெரிய நீலக் கண்கள், சுற்றிலும் கருப்பு வளையம், நம்மையே பார்ப்பது போல.

அது கண் இல்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உடம்பைப் புடைக்கும்போது விரியும் புள்ளி. நிஜத் தலை அதற்கும் கீழே, மிளகு அளவுக்கு. அண்ணனைப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பைக் கீழே வைத்துவிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து அது இலை தின்பதைப் பார்த்தார். இலையின் விளிம்பில் தொடங்கி அரிவாள் வீசுவது போலத் தலையை மேலிருந்து கீழே கொண்டுவரும், மறுபடி மேலே போகும்.

இரண்டு நாள் கழித்து அதே செடிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு புழு வேகமாக ஊர்ந்துகொண்டிருந்தது. இது வேறு இனம் என்று தனியாகப் படம் எடுத்துப் பெயர் கேட்டேன். அதே புழுதான். மண்ணுக்குப் போகும் நேரம் வந்தால் பச்சை மாறிவிடும். பக்கத்தில் நந்தியாவட்டை இருந்ததை எழுதியதால்தான் சரியான பதில் கிடைத்தது. சருகுக்குள் கூடு கட்டி, பதினைந்தாம் நாள் பாசி படிந்த பளிங்கு போலப் பச்சையும் இளஞ்சிவப்புமாக வந்தது. ஒலியாண்டர் ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சி. அரளியிலும் இதே புழு இருக்கும்.

இப்போது புதிதாக யார் வந்தாலும் அந்த அண்ணன்தான் செடியைக் காட்டுகிறார்.


யாழ்ப்பாணம்

வணக்கம் அக்கா. இங்கே நாங்கள் வண்ணாத்திப்பூச்சி என்றுதான் சொல்லுவோம். நான் ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மைதானத்து வேலியில் எருக்கலை நிறைய. அதில் கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு, முதுகில் மூன்று சோடிக் கருப்பு இழைகள். பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம். வெந்தய வரியன் என்ற வண்ணாத்திப்பூச்சியின் புழு.

ஒரு பிள்ளை வெந்தய வரியன் என்று சொல்லித் தாயின் போனில் எடுத்த படம் கொண்டு வந்தாள். அதே செம்மஞ்சள், அதே கருத்த நுனி, அதே வெள்ளைப் பட்டை. "எதிலே இருந்தது?" என்று கேட்டேன். "நிலத்தில் படருகிற கீரையில், முட்டை வைத்தது ரீச்சர்" என்றாள். போய்ப் பார்த்தால் பருப்புக்கீரை. வெந்தய வரியன் பருப்புக்கீரையில் முட்டை வைக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பின்னிறக்கையைப் பார்த்தோம். வெந்தய வரியனுக்கு நடுவில் கருப்புப் புள்ளிகள் மூன்று இருக்கும், ஆணுக்கு நான்கு. இந்தப் படத்தில் இருந்ததற்கோ, மேல் விளிம்போரம் ஒன்றே ஒன்று. டனெயிட் எக்ஃப்ளை என்பதன் பெண். அதன் ஆணைப் பார்த்தால் சொந்தம் என்றே சொல்ல மாட்டீர்கள்: கருப்பில் பெரிய வெள்ளைப் பொட்டுகள், சுற்றி ஊதா மினுக்கம்.

அந்தப் பிள்ளை கீரையைக் கவனித்திராவிட்டால் நான் வெந்தய வரியன் என்றே எழுதிக் கொடுத்திருப்பேன். வகுப்பில் அதை அவளையே சொல்ல வைத்தேன்.


கூடலூர்

சுருக்கமாக எழுதுகிறேன். மழைக்காலத்தில் லயத்துச் சுவரில் முறம் போல ஒரு அந்துப்பூச்சி. இறக்கை நுனி இரண்டும் பாம்புத் தலை. பிள்ளைகள் பசிக்குமே என்று சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். அதற்குத் தின்னவும் குடிக்கவும் வாய் கிடையாது. புழுவாகத் தின்றதை வைத்துத்தான் மிச்ச நாள். எல்லோரும் அட்லஸ் அந்துப்பூச்சி என்றுதான் எழுதுவோம், நானும் எழுதினேன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய உறவு, அட்டாகஸ் தப்ரோபானிஸ் என்று திருத்தினார்கள். தப்ரோபேன் என்பது இலங்கைக்குக் கிரேக்கர் வைத்த பழைய பெயர். ஊர் பெயரையும் சேர்த்து எழுதியதால் கிடைத்த திருத்தம் அது.


மதுரை

முருங்கை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்குப் பிறகு அடிமரத்தில் சாக்குப்பை ஒட்டினது போலக் கம்பளிப்புழு கூட்டமாக இருக்கும். நான் போனைக் கிட்டே கொண்டுபோய், முகத்தையும் கிட்டே கொண்டுபோய், படம் எடுத்தேன். தொடவே இல்லை. ஆனால் மரத்தில் கை ஊன்றியிருந்தேன். உரித்துப்போட்ட தோலிலும் சுணை இருக்கும் என்று அப்போது தெரியாது. இரண்டு நாள் முழங்கை வரை தடிப்பு. சொறிந்தால் சுணை இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பா பந்தம் கொளுத்திக் காட்டுவார், எல்லாம் பொசுங்கி விழும். இந்த முறை ஒரு கிளைக் கூட்டத்தை மட்டும் விட்டு வைக்கச் சொன்னேன். சம்மதித்தார். மஞ்சள் கலந்த பழுப்பில் வரும் அந்தப் பூச்சியை இன்னும் நான் பார்க்கவில்லை. மண்ணுக்குப் போயிருக்கின்றன, காத்திருக்கிறேன்.


திருவரங்கத்திலிருந்து மறுபடியும்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். விருத்தாசலம் தம்பி, அடுத்த முறை எள்ளின் பூவோடு சேர்த்து அந்தப் புழுவை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். யாழ்ப்பாணத்து டீச்சர், அந்தப் பிள்ளையிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

நேற்று என் தம்பி மகன் போன் செய்தான். "அத்தை, நீங்க சொன்ன மாதிரியே இலையோட எடுத்திருக்கேன், ஆனா புழுவைக் காணோம். அப்பா இருக்குன்னு சொல்றார்." படம் வந்தது. ஒரு மாவிலை, முழுசாக, வெயிலில். வேறொன்றும் இல்லை. நானும் தேடினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். நடு நரம்பு மேலே மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் கொஞ்சம் அகன்று, மறுபடி மெல்லிசாகிறது. மாவிலையில் நரம்பு அப்படிப் போகாதே. அங்கே உற்றுப் பார்த்தால் பச்சை உடம்பு, முதுகில் நரம்பு போலவே ஒரு மஞ்சள் கோடு, இரண்டு பக்கமும் மயிலிறகு மாதிரிக் கிளைவிட்ட முட்கள் இலையோடு படிந்து, கிளை நரம்புகளாகவே மாறியிருந்தன. காமன் பாரன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு.

அவனுக்குப் பதில் எழுதினேன்: "நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே வா. எங்கே அகலமாகிறதோ அங்கே நில்." இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் போனிலேயே கத்தினான்.