மறு: கேம் கால் – 'விளிப்பி' என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேம் கால் என்பது காட்டு விலங்கு, பறவைகளின் குரலை எழுப்பி அவற்றை அருகே வரவழைக்கும் கருவி. கடைசல் எந்திரத்தில் அடுக்கடுக்காக ஒட்டிய மரத்தில் அதைச் செய்யும் முறையை மொழிபெயர்க்கும் ஓர் அம்மா, அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு எழுதிய மடலையும், அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். மரக்கடைசல் எனக்குப் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'வேட்டை அழைப்பான்' என்று வைத்துவிட்டால் என்ன?

அழைப்பான் என்றதும் இன்றைக்கு யாருக்கும் ஃபோனும் வாசல் மணியும்தான் நினைவுக்கு வரும். கூப்பிடுவது ஆளா கருவியா என்ற குழப்பமும் இருக்கிறது. 'வேட்டை' என்ற முன்னொட்டும் வேண்டாம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காட்டுயிர் வேட்டைக்குப் பொதுவாகவே தடை. வேட்டைக்கு அனுமதி உள்ள அமெரிக்காவிலும் துப்பாக்கியைத் தொடாமல் இதை ஊதிப் போட்டியிடவே வருகிறவர்கள் உண்டு. ஆர்கன்சாஸ் மாநிலத்து ஸ்டட்கார்ட் ஊரில் 1936 முதல் வாத்தை ஊதி அழைக்கும் உலகப் போட்டி நடக்கிறது. சுற்றிலும் நெல்வயல், குளிர்காலத்தில் தண்ணீர் நிற்கும் காடு. வடக்கிலிருந்து வலசை வரும் மல்லார்டு வாத்துகள் அங்கே கூட்டங்கூட்டமாக இறங்கும். அந்த ஊரில் இது இசைக்கருவி மாதிரிதான்.

> சங்க இலக்கியத்தில் 'பார்வை' இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல சொல். நற்றிணையில் 'பார்வை வேட்டுவன்' வருகிறான். ஆனால் பார்வை என்பது பழக்கிய விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தை வரவழைப்பது. அதை டிகாய்க்கு, அதாவது காட்டி ஏமாற்றும் பறவைக்கோ பொம்மைக்கோ, வைத்துக்கொள்வதுதான் பொருத்தம். அமெரிக்காவிலும் உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டு மற்றதை இறக்கும் வழக்கம் இருந்தது. 1935-இல் அரசு அதைத் தடைசெய்த பிறகு மரத்தில் செதுக்கிய வாத்தும் வாயால் ஊதும் கருவியும்தான் மிஞ்சின. பார்வை கண்ணை ஏமாற்றுகிறது. நாம் பெயர் தேடும் பொருள் காதை ஏமாற்றுகிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

> 'வாத்துக்குழல்', 'மான்குழல்' என்று போகலாமே?

ஊதும் வகைக்குக் குழல் சரி. பொதுச்சொல்லுக்கு ஆகாது. வான்கோழியை அழைக்க அவர்கள் வைத்திருக்கும் ஒரு கருவியில் ஊதவே மாட்டார்கள். கடைந்தெடுத்த சின்ன மரக் கிண்ணத்தின் வாயில் சிலேட்டோ கண்ணாடியோ வட்டமாகப் பதித்து, அதன்மேல் ஒரு குச்சியால் தேய்ப்பார்கள். பெட்டை வான்கோழியின் குரல் அப்படியே வரும். அதுவும் இதே லேத்தில் பிறப்பதுதான். அதைக் குழல் என்றால் படிக்கிறவர் கையில் தவறான படத்தைக் கொடுத்ததாகிவிடும்.

அதனால் என் முன்மொழிவு 'விளிப்பி'. விளி என்றால் கூப்பிடுவது என்பது விளி வேற்றுமை படித்த எல்லாருக்கும் தெரியும். செயலி, உலாவி போல இகரத்தில் முடிவதால் கருவி என்பதும் விளங்கும். வாத்து விளிப்பி, மான் விளிப்பி. செய்முறையை வைத்துப் பிரித்தால் ஊது விளிப்பி, உரசு விளிப்பி. பதிவு செய்த குரலைப் பெருக்கி ஒலிக்கும் கருவிகளை அமெரிக்க நடுவண் விதிகள் வாத்து வேட்டைக்கு அனுமதிப்பதில்லை. அந்த விதியைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் 'மின் விளிப்பி' கைகொடுக்கும்.

> விளிதல் என்றால் சாதல் அல்லவா? 'விளிந்தாரின் வேறல்லர் மன்ற' என்கிறது குறள்.

இந்த மறுப்பை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. சாவைக் குறிப்பது விளிந்தான், விளிகிறான், விளிவான் என்று மெலிந்து வரும் வினை. கூப்பிடுவது விளித்தான், விளிக்கிறான், விளிப்பான் என்று வலிந்து வரும். 'விளி' என்று தனியே வைத்தால் குழப்பத்துக்கு இடமுண்டு. 'விளிப்பி' என்றால் அந்தப் 'ப்ப்' ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. நான் வெறும் 'விளி'யை விட்டுவிட்டு இதைப் பிடித்ததே அதற்காகத்தான்.

அப்புறம் உறுப்புகள். இங்கேதான் நம் பட்டறைச் சொற்கள் நிறைய உதவுகின்றன.

வாத்து விளிப்பியில் இரண்டு துண்டு. வாயில் வைக்கும் மேல்துண்டு பேரல். உள்ளே ஐந்தெட்டு அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர் துளை இருப்பது வழக்கம். இதை 'வாய்க்குழல்' எனலாம். அதற்குள் இறுக நுழையும் கீழ்த்துண்டு இன்சர்ட், 'செருகு' போதும். செருகின் உள்முனையில் லேசாக வளைந்த ஒரு பரப்பும் அதன் நடுவே காற்று போகும் காடியும் இருக்கும். அந்தப் பரப்பின்மேல் மைலார் என்ற பிளாஸ்டிக் தகட்டுக் கீற்று ஒன்றைப் படுக்கவைத்து, தக்கையால் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். ஊதும்போது கீற்றின் நுனி அந்த வளைவில் அடித்து அடித்து எழும். நுனியை ஒரு மயிரிழை வெட்டினால் குரல் மேலே ஏறிவிடும்.

அந்தக் கீற்றுக்குச் 'சீவாளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்கு; இரண்டும் ஒன்றோடொன்று அதிரும். இங்கே இருப்பது ஒற்றைக் கீற்று, அடிப்பதும் மரத்தின்மேல். எனவே 'நாக்கு' என்றே இருக்கட்டும். தக்கைத் துண்டு 'தக்கை ஆப்பு'. வாய்க்குழலின் அடிவாய் வெடிக்காமல் இருக்கப் போடும் பித்தளை வளையத்துக்குப் புதுச்சொல் எதற்கு? உலக்கைக்கு இருப்பதுபோல் அதுவும் 'பூண்'தான். கழுத்துக் கயிறு உட்கார வெளியே வெட்டும் பள்ளம் 'கயிற்றுக் காடி'.

கடைசியாக லேமினேட்டட், அதாவது அடுக்கடுக்காக ஒட்டியது என்பதற்கான சொல். இதில்தான் எனக்கு அதிக அக்கறை. லேமினேஷன் என்றால் நம் ஊரில் அடையாள அட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. ஒட்டுமரம் என்றால் ஒட்டுக்கட்டிய மாஞ்செடி. ஒட்டுப்பலகை என்றால் பிளைவுட், அதில் ஒன்றுவிட்டு ஒன்று இழை குறுக்காக ஓடும். விளிப்பிக்கான கட்டையில் அப்படிச் செய்யவே கூடாது. வால்நட், மேப்பிள் என்று எந்த மரத்தை அடுக்கினாலும் எல்லாக் கீற்றின் இழையும் நீளவாக்கில் ஒரே திசையில் ஓட வேண்டும். மரம் ஈரத்தில் விரிவது பெரும்பாலும் இழைக்குக் குறுக்கே. ஒன்று நெடுக்கும் ஒன்று குறுக்குமாக இருந்தால், ஊதுகிறவரின் மூச்சு ஈரம் ஏறி இறங்க ஒட்டுக்கோடு பிளந்துவிடும். ஆகவே 'அடுக்கொட்டு' என்கிறேன்: அடுக்கொட்டுக் கட்டை, அடுக்கொட்டு விளிப்பி.

செய்முறையை மொழிபெயர்க்கும் அம்மாவுக்காகச் சில வரிகள். கீற்றுகளை ஒளி புகாதபடி இழைத்துச் சேர்த்து, தண்ணீர் தாங்கும் பசை தடவி, கிளாம்ப் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். கோகோபோலோ போன்ற எண்ணெய் மரமாக இருந்தால் ஒட்டும் முகத்தை முதலில் அசிட்டோனால் துடைக்க வேண்டும். கோகோபோலோ நம் தோதகத்தியின் இனம்தான், இரண்டும் டால்பெர்ஜியா. அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும், முகமூடி இல்லாமல் கடையக் கூடாது. இந்த எச்சரிக்கையை மொழிபெயர்ப்பில் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். துளையிடும்போது அடிக்கடி அலகை வெளியே இழுத்துத் தூளைக் கொட்ட வேண்டும்; சூடேறினால் பசை இளகும். துளை கட்டையின் நட்டநடுவில் விழாவிட்டால் அடுக்கு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து தெரியும்.

பிறகு, துளைக்குள் விரிந்து இறுகும் தண்டில் மாட்டிக் கடைசல். சதுரக் கட்டையில் நேர்க்கோடாக இருந்த வெளிர் மேப்பிள் கீற்று, உளி வளைவு எடுக்க எடுக்க இரு முனையும் குறுகி, தீபச்சுடர் வடிவில் நீள்வட்டமாக விரியும். எந்த வரைபடத்தையும் வைத்து அதை ஒட்டவில்லை; மரத்தைக் குறைத்ததால் மட்டுமே கிடைத்த கோலம் அது. உப்புத்தாள் போட்டு மெருகேற்றினால் இன்னும் தெளியும். வெளியே மட்டும் மெருகு ஏற்றினால் போதாது, துளையின் உட்சுவருக்கும் பூச்சு வேண்டும். ஈரம் ஏறுவது அங்கேதான்.

ஒரு சொல் இன்னும் பாக்கி. நாக்கு படுத்திருக்கும் அந்த வளைந்த பரப்பு, டோன்போர்டு. 'நாதப்பலகை' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கேட்க அழகு, ஆனால் நாதம் பிறப்பது நாக்கும் பரப்பும் சேர்ந்து, பலகையில் மட்டும் இல்லை. அதோடு பலகை என்றால் தட்டையாக நினைப்பார்கள், இதன் உயிரே வளைவில் இருக்கிறது. தற்காலிகமாக 'நாக்குப்படுகை' என்று எழுதி வைத்திருக்கிறேன். நரசிங்கம்பேட்டைப் பக்கம் நாகசுரம் கடைகிறவர்களிடமோ, மகுடி செய்கிறவர்களிடமோ பேச வாய்ப்புள்ளவர்கள் யாராவது இருந்தால், நாக்கு அமரும் இடத்துக்கு அவர்கள் வாயில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போடலாம்.

அன்புடன்.