ஃபேரிங் விரிசல்: சூட்டில் உருக்குவதா, அசிட்டோனில் கரைப்பதா?

கியர்ப்பெட்டி: பைக்கோட சைடு ஃபேரிங்கில் (பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி) போல்ட் துளையில் கிளம்பி 12 செ.மீ. விரிசல் ஓடியிருக்கு. பின்பக்கம் ஏபிஎஸ்னு பிளாஸ்டிக் வகை அச்சு இருக்கு. சால்டரிங் அயர்ன் வெச்சு உருக்கலாமா, ஏபிஎஸ் துண்டை அசிட்டோனில் கரைச்ச குழம்பு போதுமா?

உருக்குராஜா: உருக்குங்க, யோசிக்கவே வேண்டாம். முதல்ல விரிசல் முடியற முனையில 2 மி.மீ. துளை போடுங்க. அதைப் போடலைன்னா ஒட்டுன பிறகும் விரிசல் அங்கிருந்து முன்னேறும். முன்பக்கம் அலுமினிய டேப் ஒட்டி ரெண்டு விளிம்பையும் சமமா நிறுத்துங்க. பின்பக்கம் பாதி ஆழத்துக்கு 'வி' வடிவத்துல பள்ளம் எடுத்து, ஏபிஎஸ் கம்பியை உருக்கி நிரப்புங்க. அது மேல துருப்பிடிக்காத எஃகு வலையைச் சூட்டோட அழுத்திப் புதைக்கணும். அப்புறம் டேப்பை உரிச்சு முன்பக்கமும் மேலாப்புல பள்ளம் எடுத்து நிரப்புங்க.

கரைசல்காரன்: ராஜா சொன்ன முறையில ஒரு ஓட்டை இருக்கு. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத அயர்ன் ஏபிஎஸ்ஸைக் கருக்கிடும். அதுக்கு வளைஞ்சு கொடுக்கற குணமே உள்ளே இருக்கற பியூட்டடையீன் ரப்பராலதான் வருது. அது வெந்து பழுப்பானா வெல்டுக்குப் பக்கத்துலயே புது விரிசல் விடும். புகை வேற, ஸ்டைரீன் வாடை.

குழம்புல சூடே கிடையாது. ஏபிஎஸ் துண்டுகளைப் பொடியா நறுக்கி, அது மூழ்கி மேல கொஞ்சம் நிக்கற அளவு அசிட்டோன் ஊத்தி, கண்ணாடி பாட்டில்ல மூடி ஒரு ராத்திரி வைங்க. தேன் பதம் வரணும். கண்ணாடி இழைத் துணியோட பின்பக்கம் மெல்லிசா மூணு நாலு பூச்சு.

உருக்குராஜா: புகை வந்தா சூடு அதிகம்னு அர்த்தம், குறைச்சுக்க வேண்டியதுதான். ஹாட் ஏர் கன்னுன்னா ஏபிஎஸ்ஸுக்கு 350 டிகிரி செல்சியஸ் பக்கம், பிபிக்கு (பாலிப்ரொப்பிலீன், இன்னொரு பிளாஸ்டிக்) 300 பக்கம். கன்னைப் பிடிச்ச இடத்துலயே நிறுத்தாதீங்க. முகமூடி, திறந்த ஜன்னல் ரெண்டும் கட்டாயம்.

உங்க குழம்புல அசிட்டோன் பறந்தா கன அளவு சுருங்கும், பள்ளம் குழியும். தடியா ஒரே பூச்சா அப்பினா மேல தோல் கட்டி உள்ளே ஈரம் நிக்கும். அது மேல பெயின்ட் அடிச்சா கொப்புளம்தான்.

கரைசல்காரன்: அதான் மெல்லிசான பூச்சுன்னு சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்லா காயவிட்டு, கடைசிப் பூச்சுக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் விட்டுத்தான் உப்புத்தாள் போடணும். அவசரக்காரங்களுக்கு இது சரிப்படாது, ஒத்துக்கறேன்.

சங்கிலி: கேபிள் டையை உருக்கி ஊத்தினா முடிஞ்சதே, எதுக்கு இவ்வளவு?

உருக்குராஜா: கேபிள் டை நைலான், உங்க பேனல் ஏபிஎஸ். ரெண்டும் கலக்காது. ஆறினதும் நகத்தால நெம்பினா நாடா மாதிரி முழுசா உரிஞ்சு வரும்.

கரைசல்காரன்: இதுல மட்டும் ராஜா பக்கம். அச்சு இல்லாத பேனல்னா ஒரு சின்னச் சீவலைத் தண்ணியில போடுங்க. ஏபிஎஸ் மூழ்கும், பிபி மிதக்கும். பிபியை அசிட்டோன் தொடவே தொடாது. அங்க குழம்பு வேலைக்கு ஆகாது, பிபி கம்பி வெச்சு உருக்கணும்.

ஸ்டேப்ளர்சித்தர்: ஹாட் ஸ்டேப்ளரை ஏன் யாரும் சொல்லலை? அலை வடிவக் கம்பியைச் சூட்டோட விரிசலுக்குக் குறுக்கே இறக்கினா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா பேனல் 3 மி.மீ.க்கும் குறைவா இருந்தா முன்பக்கம் பல்லிளிக்கும். பாதி தடிமன் வரை மட்டும் இறக்குங்க. அது வெறும் தையல்தான். விரிசலை உருக்கி இணைக்காம ஸ்டேப்பிளை மட்டும் நம்பினா மேல போட்ட புட்டியில கோடு விழும்.

கியர்ப்பெட்டி: துளையில ரப்பர் இருக்கு, உள்ளே போற உலோகக் காலர் (சின்னக் குழாய்) இல்லை. போல்ட் போட பேனலைக் கையால 4 மி.மீ. போல இழுக்க வேண்டியிருக்கு.

ஸ்டேப்ளர்சித்தர்: அப்போ ரெண்டு பேரும் எதை ஒட்டினாலும் பிளந்துக்கும். காலர் இருந்தா போல்ட்டோட இறுக்கம் உலோகத்துல நிக்கும், ரப்பர் அதிர்வை மட்டும் வாங்கும். காலர் இல்லைன்னா முழு இறுக்கமும் பிளாஸ்டிக் மேல. முதல்ல பேனலைத் தாங்கற பிராக்கெட்டை நிமிர்த்துங்க. துளையும் துளையும் இழுக்காம நேர வரணும்.

கரைசல்காரன்: சரி. துளையைச் சுத்தி ராஜாவோட வலை, மீதி நீளத்துக்கு என் குழம்பு. துளை அடைஞ்சுட்டா சூட்டு முனையால குத்தாம, வெல்டு ஆறினதும் டிரில்லால திறங்க.

உருக்குராஜா: வலை துளை விளிம்புக்கு 3 மி.மீ. தள்ளியே நிக்கட்டும். கம்பி முனை ரப்பரை அறுத்துடும்.