எலுமிச்சை ஹைபாலில் சோடாவின் கேஸ் ஏன் உடனே போய்விடுகிறது?

வேலந்தாவளத்தான்:

அனைவருக்கும் வணக்கம். சித்திரை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று எப்படிச் சுடும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மாலையில் தென்னந்தோப்பிலிருந்து திரும்பிய பின் ஜின், எலுமிச்சைச் சாறு, சோடா ஆகிய மூன்றையும் கலந்து உயரமான கண்ணாடித் தம்ளரில் ஹைபாலாக ஒன்று குடிப்பது சில மாதங்களாக எனக்கு வழக்கமாகியிருக்கிறது. ஆனால் முதல் இரண்டு மடக்கு நன்றாக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் கேஸ் முழுவதும் போய், புளித்த தண்ணீரைப் போல ஆகிவிடுகிறது. கடைசியில் நாக்கில் ஒரு கசப்பும் தங்குகிறது. பழம் எங்கள் வீட்டு மரத்துப் பழம்தான். காலையிலேயே பிழிந்து வைத்துவிடுகிறேன். சோடா இரண்டு லிட்டர் பாட்டில். 60 மில்லி ஜின்னுக்கு ஒரு முழுப் பழத்தின் சாற்றை ஊற்றி, சோடாவை நிரப்பி, கரண்டியால் நன்றாகக் கலக்குகிறேன். அடுத்த வாரம் திருப்பூரிலிருந்து பெரியப்பா மகன் குடும்பத்தோடு வருகிறார். அவருக்குக் கொடுப்பதற்கு முன் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கே தவறுகிறேன்?

பழைய பார்க்காரர்:

தம்பி, எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டல் பாரில் பதினொரு ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை இல்லை, குளிர்ச்சிதான் போதவில்லை. சோடாவில் இருக்கும் கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் தங்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 0.9 லிட்டர் வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்றால், 0 டிகிரியில் அதே நீர் 1.7 லிட்டர் வரை தாங்கும். அறையின் சூட்டில் கிடந்த சோடாவை ஐஸின் மேல் ஊற்றினால், அது குளிர்வதற்கு முன்பே பாதி வாயு பறந்துவிடும். ஆகவே ஜின், சோடா, தம்ளர் ஆகிய மூன்றும் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். ஜின்னை ஃப்ரீசரிலேயே வைக்கலாம். நம் நாட்டு ஜின் 42.8 சதவீதம் என்பதால் வீட்டு ஃப்ரீசரில் உறையாது. சோடாவைப் பிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வாயு இறங்கிக்கொண்டே போகும் என்பதால் சிறிய பாட்டிலையே வாங்குங்கள்.

அடுத்தது ஐஸ். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியின் மேல் வெண்பனி படிந்து சொரசொரப்பாக இருக்கும். குமிழிகள் கிளம்புவதற்கு அந்தச் சொரசொரப்பே இடம் கொடுக்கிறது. சாற்றில் மிதக்கும் சதை நாரும், துண்டால் துடைத்த தம்ளரில் ஒட்டியிருக்கும் நூலும் அதே வேலையைச் செய்யும். ஜப்பானிய பார்களில் ஐஸை முதலில் தம்ளரில் போட்டுச் சுழற்றி, இறங்கும் நீரை வடித்துவிட்டு, பிறகுதான் மதுவை ஊற்றுவார்கள். ஐஸின் மேற்பரப்பு வழவழப்பாகும், தம்ளரும் குளிரும் என்பதே இதன் காரணம். சோடாவை ஐஸின் மேல் கொட்டாமல், தம்ளரின் உள்சுவரோடு மெதுவாக இறக்க வேண்டும். பிறகு கரண்டியை அடிவரை விட்டு ஐஸை ஒரே ஒரு முறை மேலே தூக்கி இறக்கினால் போதும். நன்றாகக் கலக்குகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததுமே பாதிக் காரணம் எனக்கு விளங்கிவிட்டது.

அளவைப் பொறுத்தவரை, 45 மில்லி ஜின், 10 மில்லி சாறு, 10 மில்லி சர்க்கரைப் பாகு, 150 மில்லி சோடா என்பது என் கணக்கு. அதில் மதுவின் அளவு ஏறத்தாழ 9 சதவீதம், அதாவது ஸ்ட்ராங் பீரைவிடச் சற்றுக் கூடுதல். நம் பழத்தில் ஒன்றுக்கு 15 முதல் 20 மில்லி வரை சாறு வரும். முழுப் பழத்தையும் ஊற்றினால் புளிப்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பாகே வேண்டாம் என்பவர்களுக்கு வாஷிங்டன் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த ரிக்கி என்ற முறை இருக்கிறது: மது, பாதிப் பழத்தின் சாறு, சோடா, பிழிந்த மூடியையும் தம்ளருக்குள்ளேயே போட்டுவிடுவது. முதலில் அமெரிக்க விஸ்கியில் செய்துவந்ததைப் பின்னர் ஜின்னில் செய்யத் தொடங்கினார்கள். வெயில் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை.

சித்தூர் அக்கா:

கசப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சாற்றைக் காலையில் பிழிந்து மாலைவரை வைத்தால் அதன் மணம் போய்க் கசப்பு ஏறும். விதை நசுங்கினாலும், தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி அழுந்திப் பிழிபட்டாலும் கசக்கும். குடிப்பதற்குச் சற்று முன் இலேசாகப் பிழிந்து, மெல்லிய வடிகட்டியில் வடித்துவிடுங்கள்.

நாம் எலுமிச்சை மணம் என்று சொல்வது பெரும்பாலும் சாற்றில் இல்லை, தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது என்பதை ஊறுகாய் போடுகிற வீட்டில் பிறந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆறு பழங்களின் பச்சைத் தோலை மட்டும், வெள்ளை ஒட்டாமல் சீவி, 100 கிராம் சர்க்கரையோடு கையால் பிசைந்து நான்கு மணி நேரம் மூடி வையுங்கள். தோல் எண்ணெயை விட்டுச் சர்க்கரை ஈரமாகிவிடும். அதில் 100 மில்லி வெந்நீரை ஊற்றிக் கரைத்து வடித்தால் கிடைக்கும் பாகையே மேலே அண்ணன் சொன்ன பாகுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். இதைச் செய்த பிறகு வெறும் சர்க்கரைப் பாகுக்கு நான் திரும்பவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் வேப்பிலைக்கட்டி இடிக்கும் வழக்கம் உண்டு. பெயரில் வேப்பிலை இருந்தாலும் அதில் சேர்வது நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும்தான். அந்தக் கொழுந்து நாரத்தை இலை ஒன்றை, நடு நரம்பை நீக்கி, உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டித் தம்ளரின் விளிம்பில் செருகிப் பாருங்கள். ஒவ்வொரு மடக்குக்கும் மூக்கில் அந்த மணம் ஏறும். கிழித்துப் போட்டால் காரமும் கசப்பும் இறங்கிவிடும் என்பதால் தட்டினால் போதும். மது வேண்டாம் என்பவர்களுக்கு ஜின்னை மட்டும் விட்டுவிட்டு இதே பாகு, சாறு, சோடா, இலை ஆகியவற்றோடு சிறிது இஞ்சிச் சாறும் உப்பும் சேர்த்துக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குத்தான் முதலில் கை நீள்கிறது.

மீனாட்சிபுரம்:

கோலி சோடா கிடைத்தால் விடாதீர்கள். பாட்டிலுக்கு உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவைத்திருக்கிறது. ஆங்கிலேயரான ஹைரம் காட் 1870களில் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு இன்றும் நம் பெட்டிக்கடைகளில் வேலை செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு பாட்டில் ஒரு தம்ளருக்குச் சரியாக இருக்கும், மீதி வைத்துக் கெடுக்க வேண்டியதில்லை. ஊற்றும்போது கோலி கழுத்திலுள்ள பள்ளத்தில் தங்கும்படி பாட்டிலைத் திருப்பிப் பிடியுங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டு ஊற்றி நுரைத்துவிடும்.

வேலந்தாவளத்தான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் குளிரவைத்து, ஐஸை அலசி, ஒரே முறை தூக்கிக் கலந்து பார்த்தேன். தம்ளரின் அடிவரை சுருக்கென்று இருந்தது. நாரத்தை இலையின் மணத்தைக் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து வந்து என்ன இடிக்கிறாய் என்று கேட்டார். ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு எட்டுப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒரு பெரிய ஜக்கில் முன்கூட்டியே கலந்து வைக்கலாமா?

பழைய பார்க்காரர்:

சோடாவைத் தவிர மற்றவற்றைக் கலந்து வைக்கலாம். எட்டுத் தம்ளருக்கு ஜின் 360 மில்லி, சாறு 80 மில்லி, அக்கா சொன்ன பாகு 80 மில்லி. மொத்தம் 520 மில்லி. விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கலந்து, மூடிய பாட்டிலில் பிரிட்ஜில் வைத்துவிட்டு, தம்ளர் ஒன்றுக்கு 65 மில்லி அளந்து ஊற்றிச் சோடாவை அவரவர் முன்னால் சேருங்கள். கேரளத்தில் மாத முதல் தேதி மதுக்கடை திறக்காது என்பதால் ஜின்னை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். இது குடிக்க இலேசாக இருப்பதால் எத்தனை என்ற கணக்கு தவறிவிடும்; ஒவ்வொன்றிலும் 45 மில்லி இருக்கிறது, சட்டப்படி வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. அண்ணனை அன்றிரவு உங்கள் வீட்டிலேயே தங்கவையுங்கள், திருப்பூருக்குக் காலையில் புறப்படட்டும்.