மறு: டிரைவர் ஸ்டேஜ் – ‘இயக்கி நிலை’ சரிதானா?

> டிரைவருக்கு ‘இயக்கி’ கணினியில் ஏற்கெனவே புழங்குகிறது. வால்வு பெருக்கிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம்.

டிரைவர் ஸ்டேஜ் என்பது பெருக்கியில் கடைசி வால்வுக்கு முன்னால் நின்று அதற்குச் சைகை கொடுக்கும் பகுதி. போன மாதம் வரை நானும் அதை ‘இயக்கி’ என்றுதான் எழுதிவந்தேன். 300பி என்ற வெளியீட்டு வால்வை (வெற்றிடக் குழாய்) வைத்து வீட்டில் கட்டிய பெருக்கியின் டிரைவரை மாற்றியபோதுதான் சொல் உறுத்தியது. ஸ்பீக்கரை இயக்குவது 300பி. டிரைவருக்கும் ஸ்பீக்கருக்கும் நேரடித் தொடர்பே இல்லை. 300பியின் கிரிட்டில், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையில், மின்னழுத்தத்தை ஆட்டிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ‘இயக்கி’ என்றால் படிப்பவர் கடைசி வால்வைத்தான் நினைப்பார்.

ஆனால் அந்த ஆட்டம் லேசானதல்ல. 300பியை முழுதாக வேலை வாங்க, கிரிட்டுக்கு உச்சத்தில் 70 வோல்ட் அளவுக்கு வேண்டும். டிரைவராக என்னிடம் இருந்தது 12ஏஎக்ஸ்7 வால்வு. பெருக்கக் காரணி (அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) 100 உண்டு, ஆனால் ஒரு மில்லிஆம்பியர் அளவில் ஓடுகிற வால்வு. 300பியின் கிரிட் ரெசிஸ்டரோடு, மில்லர் விளைவால் (வால்வின் பெருக்கமே உள்ளீட்டு மின்தேக்குத்திறனைக் கூட்டிவிடுவது) ஊதிப்போன மின்தேக்குத்திறனையும் சேர்த்துச் சுமக்கத் திணறியது. சத்தம் கூட்டினால் 300பிக்கு முன்பே டிரைவரில் சைகை நசுங்கியது. அதை எடுத்துவிட்டு, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் கொண்ட 6எஸ்என்7 போட்டேன். காரணி 20தான், ஆனால் ஒரு பாதியில் 8 மில்லிஆம்பியர் தாராளமாக ஓடும். பெருக்கம் போதாதென்று இரண்டு பாதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தேன். இப்போது வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பவே முடியவில்லை, அது வேறு கதை.

ஆக, டிரைவருடையது தேர்ச்சக்கரத்தை நெம்புகிறவர் வேலை. அதனால் எனக்கு ‘உந்து’ பிடித்திருக்கிறது. ‘உந்தி’ வேண்டாம், பழைய இலக்கியத்தில் அது தொப்புள். ஸ்டேஜுக்கு ‘நிலை’ போட்டால் ஓய்வுநிலை, இயங்குநிலை என்று ஒரே பத்தியில் முட்டிக்கொள்ளும். ‘கட்டம்’ பாடநூலில் ஃபேஸுக்குப் போய்விட்டது. மிஞ்சுவது ‘படி’: முதற்படி, உந்துபடி, வெளியீட்டுப்படி. ‘உந்தும்படி’ என்று காதில் விழுகிறதே என்பீர்கள். உந்துபடியில், உந்துபடிக்கு என்று உருபு ஏறிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் இணைப்பில் வரும் புஷ்ஷும் உந்துதானே என்றால், அதற்குத் ‘தள்ளு-இழு’ இருக்கட்டும். என்னைப் படுத்துவது ஃபேஸ் ஸ்பிளிட்டர். ‘கட்டப் பிரிப்பி’ என்றால் கட்டத்தையே துண்டுபோடுகிற மாதிரி இருக்கிறது. அது செய்வதோ ஒரே சைகையை நேராகவும் தலைகீழாகவும் கொடுப்பது. இதற்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா?